உள்ளூர்ச் சந்தைப் பழக்கத்தோடு ஏற்றுமதிக்குப் போனால்: சேலத்து ஆயத்த ஆடைத் தயாரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக்காரர்களுக்குத் துணியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அம்மாப்பேட்டையும் குகையும் பொன்னம்மாப்பேட்டையும் தறியோடு வளர்ந்த பகுதிகள். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் விசைத்தறி ஓடுகிறது. இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும், நைட்டியும் சட்டையும் தைத்து ஈரோடு, மதுரை, பெங்களூரு மொத்த வியாபாரிகளுக்கு ஆண்டுக்கணக்காக அனுப்பிப் பெயர் எடுத்த ஒருவர், முதல் வெளிநாட்டு ஆர்டரிலேயே கையைச் சுட்டுக்கொள்வது வழக்கமாக நடக்கிறது. உள்ளூர் வியாபாரத்தில் பத்துப் பீஸ் குறைந்தால் அடுத்த லோடில் சேர்த்து அனுப்பலாம். நிறம் கொஞ்சம் மாறினால் விலையில் தட்டிக்கொடுத்துச் சரிக்கட்டலாம். ஒரு போன் பேச்சில் எல்லாம் முடியும். ஏற்றுமதியில் சரக்கைப் பார்ப்பவரும் பணத்தை விடுவிப்பவரும் உங்களை அறியாதவர்கள். தாளில் எழுதியிருப்பது மட்டுமே அவர்கள் கண்ணுக்குத் தெரியும். கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

பதிவுகளை முதலில் சொல்லி முடித்துவிடலாம். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் இல்லாமல் சரக்கு நகராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் விவரங்களை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் இணையத்தில் உறுதிசெய்யாவிட்டால் அது முடக்கப்படலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதுபோலவே ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை, அதாவது எல்.யு.டி.யை, நிதியாண்டுக்கு ஒருமுறை புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டுக் காத்திருக்க நேரும். சிறு முதலாளிக்கு அந்தக் காத்திருப்பே வட்டிச்செலவு. ஆடை ஏற்றுமதி வளர்ச்சிக் கழகமான ஏ.இ.பி.சி.யில் உறுப்பினராவதையும் பையர், அதாவது வெளிநாட்டில் வாங்குபவர், கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்று: ஆர்டர் தருவதற்கு முன் பதிவுக் கட்டணம், வக்கீல் கட்டணம், ஒப்பந்தக் கட்டணம் என்று உங்களிடமே பணம் கேட்கும் பையர், பையரே இல்லை.

தொழிலுக்குள் வந்தால், மிகுதியான நட்டம் தொடங்கும் இடம் சாம்பிள்தான். பையர் கேட்ட மாதிரியை யூனிட்டிலேயே கைதேர்ந்த தையல்காரர் ஒருவர், கடையில் வாங்கிய நல்ல துணியில், அரைநாள் எடுத்து, காலர் முனை கத்திபோல் நிற்கத் தைத்துக் கொடுப்பார். பையர் மயங்கி ஒப்புதல் தருவார். பிறகு மூவாயிரம் பீஸை லைனில் உள்ள முப்பது பேர், வேறு தறியில் நெய்த வேறு துணியில் தைக்கும்போது அந்தக் காலர் வராது. ஆகவே விற்பனைக்குக் காட்டும் சாம்பிள் எப்படியிருந்தாலும், உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிளை மட்டும் உண்மையான துணி, உண்மையான பட்டன், உண்மையான நூல் ஆகியவற்றைக் கொண்டு, லைனில் அன்றாடம் உட்காருபவர்களையே வைத்துத் தைக்க வேண்டும். ஒப்புதலான, சீல் வைத்த அந்தச் சாம்பிள் முதலாளியின் பீரோவில் பூட்டிக் கிடப்பதைப் பல இடங்களில் காணலாம். அது கட்டிங் மாஸ்டரின் மேசைக்கு மேலே தொங்க வேண்டிய பொருள்.

அளவுத்தாளைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். நம் மாஸ்டர்கள் இஞ்சில் சிந்திப்பவர்கள். வரும் தாள் பெரும்பாலும் சென்டிமீட்டரில் இருக்கும். மார்பளவு என்று போட்டிருப்பது முழுச்சுற்றா, ஆடையைத் தட்டையாக விரித்து அக்குளிலிருந்து அக்குள்வரை எடுக்கும் பாதியளவா, அக்குளுக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே எடுப்பது என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்காமல் கத்தரியைத் தொடக் கூடாது.

துணியின் சுருக்கம் அதைவிடப் பெரிய பள்ளம். பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும் என்பதை எல்லோரும் அறிவார்கள். எவ்வளவு என்பதை அளந்து பார்ப்பவர்கள் குறைவு. 76 சென்டிமீட்டர் நீளமுள்ள சட்டை 5 விழுக்காடு சுருங்கினால் 72.2 சென்டிமீட்டராகிவிடும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைத்தான் ஏற்பேன் என்று எழுதியிருக்கும் பையரிடம் இது எடுபடாது. தொழிற்சாலையில் அளவு சரியாக இருந்ததே என்று வாதாடுவதிலும் பயனில்லை, ஏனெனில் வாங்கியவர் துவைத்த பிறகுதான் புகார் எழுகிறது. செய்ய வேண்டியது எளிது: வந்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி, பாவு வாக்கிலும் ஊடை வாக்கிலும் 50 சென்டிமீட்டருக்குக் கோடிட்டு, லேபிளில் எழுதப்போகும் முறைப்படியே துவைத்து உலர்த்தி, கோட்டை மீண்டும் அளந்து, அந்தக் கணக்கை பேட்டர்னில் சேர்த்த பிறகே கட்டிங் போட வேண்டும். பின்னலாடைத் துணியாக இருந்தால் ரோலைப் பிரித்து ஒருநாள் தளர விட வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டுபவர்கள்தான் கை ஒரு நீளமும் உடல் ஒரு நீளமுமாகத் தைத்துவிட்டு விழிப்பார்கள்.

சாயத்தைப் பற்றிச் சேலத்தில் பேசும்போது சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. சேர்வராயன் மலையில் பிறந்து நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றின் நீர் எதையெல்லாம் சுமக்கிறது என்பதை இந்த ஊரில் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வெளிநாட்டுப் பையர் கேட்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்: எந்தச் சாயம், எங்கே ஏற்றியது, கழிவுநீர் எங்கே போகிறது? ஐரோப்பிய ஒன்றியத்தில் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரீச் விதிகளின்படி, சிதையும்போது புற்றுநோய் விளைவிக்கக்கூடிய 22 வகை அமைன்களைத் தரும் ஏசோ சாயங்கள் உடலில் படும் துணியில் இருக்கக் கூடாது. எல்லை, கிலோவுக்கு 30 மில்லிகிராம். சாயப்பட்டறைக்காரர் வாய்ச்சொல்லாக “ஏசோ ஃப்ரீதான், பயப்படாதீங்க” என்பதை நம்பிச் சரக்கை அனுப்புவது பெருந்தவறு. ஒரு நிறத்துக்கு வாங்கிய ஆய்வறிக்கையை எல்லா நிறங்களுக்கும் காட்டுவது அதற்கு அடுத்த தவறு. கட்டம் போட்ட துணியில் நான்கு நிற நூல் இருந்தால் நான்கையும் சோதிக்க வேண்டும். கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா போன்ற ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்பும் செலவு, திரும்பி வரும் கன்டெய்னரின் செலவுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

குழந்தைகள் ஆடை தைப்பவர்கள் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தலைமூடியிலோ கழுத்திலோ அழகுக்காகத் தொங்கவிடும் கயிறு விளையாட்டுக் கருவியிலோ வாகனக் கதவிலோ மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதைச் சிறுவர் ஆடையில் அனுமதிப்பதில்லை. உள்ளூரில் நன்றாக விற்ற டிசைன் என்று அப்படியே அனுப்பினால், தையலில் ஒரு குறையும் இல்லாமலேயே சரக்கு முழுவதும் நிராகரிக்கப்படும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைக்கும் பழக்கமும் கட்டாயம் வேண்டும். ஒரு முனை கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்காமல் வெளியே விடக் கூடாது.

நாள் நெருங்கும்போது தெரிந்த யூனிட்டுக்குப் பாதியை ஜாப் ஒர்க் கொடுத்து முடிப்பது நம் ஊரில் குற்றமாகவே தோன்றாது. பையருக்கு அது ஒப்பந்த மீறல். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இடிபாடுகளில் கிடந்த லேபிள்களைப் பார்த்த பிறகுதான் தங்கள் ஆடை அங்கே தைக்கப்பட்டதே சில நிறுவனங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு, தணிக்கை செய்த கட்டடத்துக்கு வெளியே ஒரு பீஸ் தைப்பதையும் பெரிய பையர்கள் பொறுப்பதில்லை. காஜா பட்டனுக்கு வெளியே அனுப்புவதானாலும் முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுவது நல்லது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று லேபிள் போடுவதும் இதே வகைதான். சேலத்துக் கைத்தறிக்கு இருக்கும் பெயரை வைத்து அப்படி விற்பவர்கள், கைத்தறி முத்திரையோடு நேர்மையாக விற்கும் நெசவாளியின் பிழைப்பையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

இறுதிப் பரிசோதனையில் அதிர்ஷ்டத்தை நம்புபவர்கள் அதன் கணக்கைத் தெரிந்துகொண்டால் நம்பிக்கையை விட்டுவிடுவார்கள். 3,000 பீஸ் லாட்டுக்கு, மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான சர்வதேச அளவுகோலான ஐ.எஸ்.ஓ. 2859 அட்டவணையின் பொதுநிலை இரண்டின்படி 125 பீஸை எடுப்பார்கள், பெருங்குறைக்கு ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்கத்தக்க தர வரம்பு, 2.5 என்றால் ஏழு குறை வரை தேறும், எட்டாவது குறையில் லாட் முழுவதும் விழும். தையல் விட்டது, எண்ணெய்க்கறை, இரண்டு முன்பாகங்களுக்கிடையே நிற வேறுபாடு ஆகியவையெல்லாம் பெருங்குறைகளில் வருபவை. நிற வேறுபாட்டைச் செக்கிங்கில் பிடிப்பதைவிட, வெட்டுவதற்காகத் துணியை அடுக்கி லே போடும்போதே ரோல் எண்ணைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் எண் ஸ்டிக்கர் ஒட்டித் தடுப்பதே மலிவு. நீராவி இஸ்திரி போட்ட சூட்டோடு பாலிதீன் பையில் போடுவதையும் நிறுத்த வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த ஈரம் பெட்டிக்குள் பூசணமாகி, கடலில் மூன்று நான்கு வாரம் போன பிறகு அங்கே திறப்பவரின் முகத்தில் அடிக்கும்.

ஆவணங்களில், சுங்கக் குறியீட்டெண்ணை முகவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. நம் ஊர் நைட்டியையே எடுத்துக்கொள்வோம். நெய்த துணியில் தைத்தால் 6208, பின்னல் துணியில் தைத்தால் 6108. பார்வைக்கு ஒன்றுதான், சுங்கப் பட்டியலில் அத்தியாயமே வேறு. சட்டையில் இன்னும் நுட்பம் உண்டு: முன்பக்கம் இடது பாகம் வலதின்மேல் மூடினால் ஆண்கள் ஆடை, வலது இடதின்மேல் மூடினால் பெண்கள் ஆடை என்பதே வகைப்பாட்டு விதி. எண் மாறினால் அங்கே பையர் கட்டும் தீர்வை மாறும், இங்கே உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் தீர்வையான டிராபேக் மாறும். ஆடைகளுக்கான மாநில, மத்திய வரித் தள்ளுபடியான ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். கோரிக்கையை, சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லிலேயே குறிப்பிட வேண்டும். பின்னால் நினைவுக்கு வந்து மனுப்போடுவது பெரும்பாடு. ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022 மே 1 முதலும் ஆஸ்திரேலியாவுடன் அதே ஆண்டு டிசம்பர் 29 முதலும் வர்த்தக ஒப்பந்தங்கள் நடைமுறையில் இருப்பதால், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழை இணைத்தால் அங்கே தீர்வைச் சலுகை கிடைக்கும். அதை இணைக்காமல் அனுப்புவது, பையருக்குத் தர வேண்டிய தள்ளுபடியை நீங்களே தண்ணீரில் விடுவதாகும்.

விலை சொல்வதில் எஃப்.ஓ.பி. என்ற சொல்லை எளிதாக எழுதிவிடுகிறார்கள். கப்பலில் சரக்கு ஏறும்வரை செலவும் பொறுப்பும் உங்களுடையவை என்பது அதன் பொருள். சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ லாரி வாடகை, சுங்க முகவர் கட்டணம், துறைமுகக் கையாளும் கட்டணம், முழு கன்டெய்னர் நிரம்பாத சரக்கானால் கிடங்குக் கட்டணம் ஆகிய அனைத்தையும் பீஸ் கணக்கில் வகுத்துச் சேர்க்காமல், தையல்கூலியும் துணியும் போட்டு மேலே லாபம் வைத்துச் சொன்ன விலையில், அந்த லாபம் துறைமுகத்திலேயே கரைந்துவிடும்.

பையரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்றுத் தரும் கடன் உறுதிக் கடிதமான எல்.சி. இருந்தால் பணம் உறுதி என்பது பாதி உண்மை. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, தாளைப் பார்க்கிறது. எல்.சி.களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600 விதிகளில் 5 விழுக்காடு அளவு கூடக்குறைய அனுமதிக்கும் பிரிவு ஒன்று உண்டு. ஆனால் எண்ணிக்கையில் குறிப்பிடும் பொருளுக்கு அது பொருந்தாது. ஆடை பீஸ் கணக்கில் போவதால், 3,000 என்று எழுதிய எல்.சி.க்கு 2,960 பீஸ் அனுப்பினால், கூடக்குறைய அனுமதி அதிலேயே தனியாக எழுதப்பட்டிருந்தாலொழிய, முரண்பாடு என்று தாளைத் திருப்புவார்கள். அப்படி ஒரு வரியை எல்.சி. திறக்கும்போதே கேட்டு வாங்குங்கள்; கட்டிங்கில் சைஸ் வாரியாகக் கூடுதல் பீஸும் வெட்டுங்கள், ஏனெனில் மொத்தம் சரியாக இருந்து எம் சைஸில் நாற்பது குறைந்தாலும் சிக்கல்தான். கப்பலேறிய 21 நாளுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன், ஆவணங்கள் வங்கியில் இருக்க வேண்டும்.

எல்.சி. இல்லாமல் அனுப்புபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். விமானத்தில் அனுப்பும்போது தரப்படும் சரக்குச் சீட்டான ஏர்வே பில், சரக்கின் உரிமைப் பத்திரமாகாது. பெறுபவர் இடத்தில் பையர் பெயரைப் போட்டால், பணம் கட்டாமலேயே அவர் சரக்கை எடுத்துச் செல்ல முடியும். ஆகவே அவருடைய வங்கியின் சம்மதம் பெற்று, வங்கியின் பெயருக்கே அனுப்ப வேண்டும். கடனுக்கு அனுப்புவதானால், ஏற்றுமதிப் பணம் வராமல் போவதற்கு எதிரான இ.சி.ஜி.சி. நிறுவனத்தின் காப்பீட்டில் அந்தப் பையருக்கான வரம்பை ஷிப்மென்டுக்கு முன்பே பெற்றுவிட வேண்டும். சரக்கு போய், பணம் நின்று, போன் எடுக்காமல் போன பிறகு காப்பீட்டு அலுவலகப் படியேறுவதில் பயனில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் தீர்வையை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஒரே நாட்டை நம்பியிருந்த யூனிட்டுகள் தைத்து முடித்த சரக்கை வைத்துக்கொண்டு விலைப்பேச்சில் சிக்கின. இத்தகைய நேரத்தில் புதிய தீர்வையை யார் ஏற்பது என்ற ஒரு வரி ஆர்டர் தாளில் இருந்தால் பேச்சு அங்கிருந்து தொடங்கும். இல்லாவிட்டால், துணிக்கும் கூலிக்கும் ஏற்கெனவே பணம் போட்டுவிட்டவர் என்பதால், தள்ளுபடி கேட்கும் கை உங்களை நோக்கியே நீளும்.