மரம் வெட்டிய காட்டின் அழகை அளப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

மரம் வெட்டினால் காடு பார்க்க நன்றாக இருக்காது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எவ்வளவு கெடுகிறது, எப்படி வெட்டினால் அதிகம் கெடுகிறது, எத்தனை வருஷத்தில் சரியாகிறது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு போன், ஓர் அளவு நாடா, மதிப்பெண் போட முப்பது பேர், கணக்குப் பார்க்க எக்செல். இவ்வளவுதான் செலவு.

முறை புதிதல்ல. அரிசோனா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டெர்ரி டேனியலும் ரான் பாஸ்டரும் சேர்ந்து 1976-ல் அமெரிக்க வனத்துறை வெளியீடாக இதைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அங்கே இது சூடான விஷயம். மொன்டானா மாநிலத்தின் பிட்டர்ரூட் காடுகளில் மலைச்சரிவுகளை மொட்டையாக வெட்டி, மறுபடி நடுவதற்காகப் படிக்கட்டுப் படிக்கட்டாகச் செதுக்கியிருந்தார்கள். ஊரே கொதித்தது, 1970-ல் மொன்டானா பல்கலைக்கழகப் பேராசிரியர் குழு ஒன்று கடுமையாக விமர்சித்து அறிக்கை கொடுத்தது. 1976-ல் வந்த தேசிய வன நிர்வாகச் சட்டம், வெட்டும் பகுதிகள் முடிந்தவரை நிலத்தின் இயல்பான வடிவத்தோடு இணைந்துபோக வேண்டும் என்றே எழுதிவைத்தது. அழகு கண்ணுக்குக் கண் மாறும் என்று சொல்லித் தப்பிக்க முடியாத நிலை. அதனால்தான் அளக்க வேண்டி வந்தது.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதல் படி: இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

குறைந்தது மூன்று இடம் வேண்டும். ஒன்று வெட்டாதது, இன்னொன்று நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே வெட்டியது, மூன்றாவது மொட்டையாக வெட்டியது. மூன்றிலும் ஒரே வகை மரம் இருப்பது முக்கியம். சோலைக்காட்டையும் தைலமரத் தோப்பையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது வெட்டின் விளைவை அல்ல. கடைசியாக வெட்டியது எந்த வருஷம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். பழகிப்பார்க்க அதெல்லாம் தேவையில்லை. கடலூர், விழுப்புரம் பக்கம் தனியார் சவுக்குத் தோப்புகள் நிறைய. சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுவதால் எல்லா வயதுத் தோப்பும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைக்கும். சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம். இடையிடையே வெட்டிய தோப்பு அங்கே அகப்படாவிட்டால், பழகுவதற்கு இரண்டு இடம் போதும்.

இரண்டாம் படி: படம் எடுப்பது

முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எந்தத் திசையில் படம் எடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது. கேமராவைக் கையில் எடுத்தாலே நம் கை நல்ல கோணத்தைத் தேடும்; வெட்டியதை எதிர்ப்பவர் கையோ மோசமான கோணத்தைத் தேடும். இரண்டும் பொய்தான்.

ஆகவே, ஒரு நேர்கோட்டில் நடந்து, இருபது இருபது மீட்டருக்கு ஒருமுறை நில்லுங்கள். போனில் 0 முதல் 359 வரை ஏதாவது ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் வரவழையுங்கள். திசைகாட்டியைப் பார்த்து அந்தப் பாகைக்குத் திரும்பி, எதிரே என்ன இருக்கிறதோ அதை எடுங்கள். முள்புதர் முகத்தில் இடிக்கிறதா, அதுதான் படம். ஓர் இடத்துக்கு இருபது படம் போதும்.

கண் உயரத்தில், போனைப் படுக்கைவசமாகப் பிடித்து, ஜூம் இல்லாமல், ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். ஆள், மாடு, லாரி எதுவும் உள்ளே வரக் கூடாது. வெயில் உச்சியில் இருக்கும்போது தரை முழுக்கப் புள்ளிபுள்ளியாக வெளிச்சம் விழுந்து எல்லாமே குழப்பமாகத் தெரியும். மேகமூட்டமான காலை நேரம் நல்லது. மூன்று இடங்களையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள். ஒன்றை மே மாதத்திலும் இன்னொன்றை ஐப்பசி மழைக்குப் பிறகும் எடுத்தால், பச்சைப் புல்லுக்குத்தான் மதிப்பெண் விழும்.

மூன்றாம் படி: நிற்கும் இடத்தில் அளப்பது

ஒவ்வொரு படத்துக்கும் எதிரே பத்து மீட்டர் சதுரத்தை மனதில் வைத்துக்கொண்டு நான்கு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மரம், நெஞ்சு உயரத்தில் அவற்றின் சுற்றளவு, தரையில் புல் எவ்வளவு மூடியிருக்கிறது, வெட்டிப்போட்ட கழிவு எவ்வளவு உயரம் கிடக்கிறது.

கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சவுக்கு வெட்டிய தோப்பில் கழிகள் லாரி ஏறிவிடும். வேரைக்கூடப் பெரும்பாலும் தோண்டி விறகுக்கு எடுத்துவிடுவார்கள். மிச்சம் கிடப்பது மிலார், அதாவது மெல்லிய கிளைக்குச்சிகள். முதல் வாரம் அது பச்சையாகத்தான் இருக்கும், கண்ணை உறுத்தாது. காய்ந்து செம்பழுப்பு நிறத்துக்கு வந்த பிறகுதான் தோப்பே பாழானது போலத் தெரியும். கட்டுக் கட்டி அடுக்கியிருந்தால் அதே மிலார் கண்ணுக்கு அவ்வளவு மோசமாகப் படாது. எனவே உயரத்தோடு நிறத்தையும், சிதறிக் கிடக்கிறதா அடுக்கியிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தைலமரமாக இருந்தால் அடிக்கட்டை உயரமும், அதில் துளிர் வந்திருக்கிறதா என்பதும் வேண்டும்.

நான்காம் படி: மதிப்பெண் வாங்குவது

எல்லாப் படங்களையும் கலைத்துப்போட்டு, பெரிய திரையில் ஒவ்வொன்றையும் ஐந்து முதல் எட்டு நொடி காட்டுங்கள். ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். கேட்கும் கேள்வியில் கவனம் வேண்டும்: “இந்த இடம் பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது?” என்று கேளுங்கள். “படம் எப்படி?” என்று கேட்டால் உங்கள் போட்டோ திறமைக்கு மார்க் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கணக்கில் சேராத ஐந்தாறு படங்களை முதலில் ஓட்டிக்காட்டுங்கள். எது மோசம், எது நன்று என்று அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

எந்தப் படம் எந்தத் தோப்பு என்று மூச்சு விடக் கூடாது. 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், படம் தேசியப் பூங்கா என்று சொன்னபோது மதிப்பெண் ஏறியது, வணிகத்துக்கான மரக்காடு என்று சொன்னபோது இறங்கியது. பெயரே கண்ணைக் கெடுக்கும்.

வனவியல் படிப்பவர்களை மட்டும் உட்கார வைக்காதீர்கள். அவர்கள் கண் பழகிய கண். பக்கத்து ஊர்க்காரர், சுற்றுலா வந்தவர், விறகு பொறுக்குபவர் என்று கலந்து வையுங்கள். யார் எந்த வகை என்று தனியே குறியுங்கள்.

ஐந்தாம் படி: கணக்கு

ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் தாராளம். நேரடியாகச் சராசரி எடுத்தால் தாராளக்காரர் பேச்சே எடுபடும். எனவே ஒவ்வொருவரின் மதிப்பெண்ணிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழித்து, அவரவர் திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) வகுக்க வேண்டும். சராசரி 4, விலக்கம் 1 உள்ளவர் ஒரு படத்துக்கு 5 போட்டால் அது +1. சராசரி 8, விலக்கம் 1.5 உள்ளவர் அதே படத்துக்கு 8 போட்டால் அது வெறும் பூஜ்யம். எட்டைவிட ஐந்து பெரிதாகிவிட்டது, பாருங்கள்.

அப்புறம் இடவாரியாகச் சராசரி எடுத்து, வெட்டாத இடத்தின் எண்ணை மற்றவற்றிலிருந்து கழித்து, நூறால் பெருக்குங்கள். பேச்சுக்கு, வெட்டாத இடம் 0.40, இடையிடையே வெட்டியது 0.10, மொட்டை வெட்டு -0.70 என்று வைத்துக்கொண்டால், விடை -30, -110. மூல முறையில் கணக்கு இன்னும் கொஞ்சம் சுற்றிப் போகும். தொடங்குபவர்களுக்கு இது போதும்.

ஆறாம் படி: எண்ணைப் படிப்பது

இனி மூன்றாம் படியில் எழுதியதை எடுத்து, எது மதிப்பெண்ணை இழுக்கிறது என்று பாருங்கள். அரிசோனாவின் பாண்டரோசா பைன் காடுகளில் கிடைத்த பதில் தெளிவானது: பருத்த மரங்களும் தரையில் புல்லும் அழகைக் கூட்டின, நெருக்கியடித்த சிறு மரங்களும் தரையில் சிதறிய வெட்டுக்கழிவும் குறைத்தன. அதாவது அடர்ந்து கிடக்கும் காட்டில் இடையிடையே வெட்டிக் கழிவையும் அகற்றிவிட்டால், வெளிச்சம் விழுந்து புல் வரும், கண் உள்ளே தூரம் வரை போகும். சில வருஷத்தில் வெட்டாத காட்டைவிட அதிக மதிப்பெண்கூட வாங்கலாம். வெட்டுவதைவிட வெட்டியதை அப்படியே போட்டுவிட்டுப் போவதுதான் கண்ணுக்குப் பெரிய குற்றம் என்பது என் கட்சி.

தூரத்துப் பார்வை வேறு கதை. உள்ளே நின்று எடுத்த படத்தில் அது வராது. எதிர்மலையிலிருந்தோ சாலை வளைவிலிருந்தோ தனியாக எடுக்க வேண்டும். அங்கே கழிவு தெரியாது, விளிம்புதான் தெரியும். பிரிட்டனில் மலைச்சரிவுகளில் ஸ்ப்ரூஸ் மரங்களைச் சதுரம் சதுரமாக நட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, 1960-களில் வனத்துறை நிலவடிவமைப்பாளர் சில்வியா குரோவை ஆலோசகராக வைத்துக்கொண்டது. காட்டின் ஓரம் நிலத்தின் போக்கிலேயே போக வேண்டும், பள்ளங்களில் மேலேறி முகடுகளில் கீழிறங்க வேண்டும் என்பது அங்கே வேரூன்றிய வடிவமைப்பு விதி. உங்கள் தூரப்படத்தில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு தெரிந்தால் அதை முதலில் குறியுங்கள். மலை முகட்டில், வானத்தைத் தொடும் வரியில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் இன்னும் பெரிதாகக் குறியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண் காட்டின் ஆரோக்கியத்தைச் சொல்லாது. கொடைக்கானலில் எல்லாரும் நின்று படம் எடுக்கும் பைன் காடு, மனிதர் நட்ட வெளிநாட்டு மரத்தோப்பு. நீலகிரியில் வாட்டில் எனப்படும் வெளிநாட்டுச் சீகை மரத்தை அகற்றிப் புல்வெளியை மீட்கும் இடத்தில் முதல் வருஷம் படம் எடுத்தால் அது தோற்றுத்தான் போகும். அதனால் மீட்பு வேலை தவறு என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

ஏழாம் படி: திரும்பப் போவது

வெட்டிய உடனே எடுத்த ஒரே தொகுப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நின்ற இடத்தின் ஜிபிஎஸ் எண்ணையும் திசைப் பாகையையும் படத்தின் பெயரிலேயே சேர்த்துவையுங்கள். அடுத்த வருஷம் அதே மாதம் அதே புள்ளிகளில் எடுங்கள். அடுத்த வருஷக் குழுவுக்குக் காட்டும்போது பழைய படங்களில் பத்தையும் புதியவற்றோடு கலந்துவிடுங்கள். அந்தப் பத்துக்கும் இரண்டு வருஷக் குழுக்களும் கொடுத்த வரிசை கிட்டத்தட்ட ஒத்துப்போனால், அவற்றையே அடிப்படையாக வைத்து இரண்டு வருஷக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் புதிய குழுவைக் கூட்டி எல்லாப் படங்களையும் முதலிலிருந்து காட்ட வேண்டியதுதான்.