மூக்கு ஸ்பிரே லைனில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணத்தில் இருந்து மருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வெளியூர் போகும் பிள்ளைகள் சிலர் கோண்டாவிலில் என் வீட்டுக்கு வந்து மெஷினைப் பற்றிக் கேட்பார்கள். மூக்கு ஸ்பிரே நிரப்பும் லைனில் நின்றவன் நான். எல்லாப் போத்தலிலும் ஒரே அளவு மருந்து போகவேண்டும். அங்கே செய்வதெல்லாம் அதற்காகத்தான்.

வரிசை இலகுவானது. வெறும் போத்தல் நிமிர்ந்து வரும், காற்றடித்துத் தூசு போகும், நொசில் இறங்கி மருந்து விடும், பம்ப் செருகி மூடி இறுகும், பிறகு லேபல், பெட்டி.

காலையில் முதலில் வரும் போத்தல்களை ஒதுக்கிவிட்டுத் தராசுக்குப் போங்கள். வெறும் போத்தலின் நிறையை எடுத்து, அதையே நிரப்பி மறுபடி நிறுங்கள். 120 தடவை அடிக்கும் ஃபுளூட்டிகசோன் (மூக்கு ஒவ்வாமைக்கான மருந்து) ஸ்பிரேயில் ஒரு அடிக்கு 100 மில்லிகிராம் திரவம். கணக்குக்கு 12 கிராம் போதும், ஆனால் 16 கிராம் நிரப்புவதுண்டு. புதுப் போத்தலில் பம்ப் நிறையும்வரை வெளியே அடிப்பதற்கும், பம்பின் குழாய்க்கு எட்டாமல் அடியில் நிற்பதற்கும் அந்த மிச்சம் வேண்டும். கூடத்தானே இருக்கிறது என்று குறையவிட்டால் கடைசி அடிகள் நோயாளிக்குத்தான் இல்லாமல் போகும்.

சரி, லைன் இடையில் நின்றால்? இதை வடிவாகக் கேளுங்கள். ஃபுளூட்டிகசோன் தண்ணீரில் கரையாது, நுண்ணிய தூளாக மிதக்கும். அதனால்தான் மருந்துத் தாங்கியில் கலக்கி என்ற கருவி ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போய்க் கலக்கி நின்றால் தூள் அடியில் அடங்கும், நொசிலுக்குப் போகும் குழாய்க்குள்ளும் அடங்கும். அப்படியே திரும்ப ஓடவிட்டால் ஒரு போத்தலில் தூள் கூடும், இன்னொன்றில் குறையும். நிறை மட்டும் சரியாகவே காட்டும், தராசால் இதைப் பிடிக்க முடியாது. ஆகவே முதலில் தாங்கியை நன்றாகக் கலக்கவிடுங்கள். குழாயில் நின்ற மருந்தை வெளியே எடுங்கள். எத்தனை போத்தல் விலக்குவது என்று அந்தத் தொகுதி மருந்துக்கான பதிவேட்டில் இருக்கும். பக்கத்தில் யார் நின்று அவசரப்படுத்தினாலும் அந்த எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். பம்ப் செருகாமல் திறந்து நின்ற போத்தல்களும் கழிவுதான்.

மூடி தளர்ந்தால் ஒழுகும், அதிகம் இறுகினால் வாசர் நசியும். இறுக்கத்தை அளக்கும் முறுக்குமானியில் அடிக்கடி பாருங்கள்.

நொசில் கழுவச் சுத்திகரித்த தண்ணீர் மட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறுவது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளை நொசிலிலும் படியும்.

ஷிப்ட் மாறும்போது லைன் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது என்று எழுதி, அடுத்தவரின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.