டீம் ஜெயிச்ச அன்னிக்கு ராத்திரியே எடை போடாதீங்க: காலேஜ் ஃபுட்பால் ரசிகர்கள் பண்ற தப்புகள்

2016 செப்டம்பர் 4, ஆஸ்டின், அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் மேட்ச், அதாவது பந்தைக் கையில பிடிச்சு ஓடற, எறியற ஆட்டம். டெக்சஸ் டீம் ரெண்டு ஓவர்டைம் வரைக்கும் போயி நோட்டர் டேமை 50-47னு ஜெயிச்சுது. டிவி கமெண்டேட்டர் "டெக்சஸ் திரும்பி வந்துட்டாங்க"ங்கற அர்த்தத்துல ஒரு வரி கத்தினார், அது இன்னிக்கு வரைக்கும் கிண்டலுக்குத்தான் யூஸ் ஆகுது. ஏன்னா அந்த சீசன் முடியறப்ப டெக்சஸ் 5 ஜெயிச்சு 7 தோத்திருந்தாங்க, நடுவுல கான்சஸ்கிட்ட வேற தோத்தாங்க, கோச் சார்லி ஸ்ட்ராங்குக்கு வேலை போச்சு. சரி தோத்த நோட்டர் டேமாவது தேறுச்சான்னா அவங்க 4-8. ஆக அன்னிக்கு ராத்திரி எல்லாரும் பெரிய க்ளாசிக் மேட்ச்னு நினைச்சு பாத்தது, டிஃபன்ஸ் சரியில்லாத ரெண்டு டீம் மாத்தி மாத்தி பாயிண்ட் விட்டுக்கிட்டதுதான்.

இதை ஏன் சொல்றேன்னா, இங்க அமெரிக்காவுக்கு எம்.எஸ் படிக்க வந்து முதல் செமஸ்டர்ல ரூல்ஸே புரியாம ஸ்டேடியத்துல உக்காந்துட்டு, மூணாவது வருஷம் குவார்ட்டர்பேக்கோட (பாஸ் எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற ஆளு) முழங்கால் பத்தி ராத்திரி தூங்காம கவலைப்படுற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. தோத்தா எல்லாரும் நல்லாவே அலசுவாங்க, ஒரு ப்ளே (ஒரு தடவை பந்து ஆரம்பிச்சு நிக்கற வரைக்கும் நடக்கற ஆட்டம்) விடாம. ஜெயிச்சா மட்டும் மூளையைக் கழட்டி கார் டிக்கில வச்சுடறோம். ரெகுலர் சீசன்ல மொத்தமே 12 மேட்ச்தான், அதுல ஒண்ணை வச்சு முடிவெடுக்கறப்போ கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இன்னிக்கு நடந்ததுல எதெல்லாம் அடுத்த வாரமும் நடக்கும்? கீழ சொல்ற எல்லா தப்பும் இந்தக் கேள்வியைக் கேக்காததால வர்றதுதான்.

டர்ன்ஓவர்ல, அதாவது ஒரு டீம் பந்தை எதிராளிகிட்ட பறிகொடுக்கறதுல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா ஜெயிச்ச சனிக்கிழமை பெரும்பாலும் இதுலதான் நாம ஏமாறுறோம். நம்ம டிஃபன்ஸ் நாலு டர்ன்ஓவர் எடுத்துச்சு, 31-17 ஜெயிச்சோம், உடனே "டிஃபன்ஸ் மிரட்டுது"ன்னு ஒரே கொண்டாட்டம். அந்த நாலை கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. எதிராளி கையில இருந்து பந்தைத் தட்டி விடறதுல திறமை இருக்கு, ட்ரெயினிங்கும் இருக்கு. ஆனா தரையில விழுந்த பந்து எந்தப் பக்கம் உருளும், யார் மேல விழுந்து அமுக்குவாங்கங்கறது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம், அந்தப் பந்தோட ஷேப்பே அப்படி. நாலுல மூணு ஃபம்பிள்னு (கையில இருந்து நழுவின பந்து) வச்சுக்குவோம், மூணும் நமக்கே கிடைச்சதுக்கு டிஃபன்ஸைப் பாராட்டுறது டாஸ் ஜெயிச்சதுக்கு கேப்டனைப் பாராட்டுற மாதிரி. இன்டர்செப்ஷனும் (எதிராளி எறிஞ்ச பாஸை நம்ம ஆள் பிடிச்சுடறது) ஓரளவு அப்படித்தான், டிஃபன்ஸ் ஆள் கை பட்ட பாஸ்ல தோராயமா அஞ்சுல ஒண்ணுதான் பிடிபடும், மிச்சம் தரையில விழும், அதனால நம்ம ஆளுங்க எத்தனை பாஸைத் தொட்டாங்கங்கறதுதான் பாக்க வேண்டிய நம்பர். தொட்டது ரெண்டே ரெண்டு, ரெண்டும் பிடிபட்டுச்சுன்னா சந்தோஷப்படுங்க, ஆனா அடுத்த வாரத்துக்கு அதை நம்பி இருக்காதீங்க. தொட்டது பத்து, பிடிச்சது ஒண்ணுன்னா அந்த டிஃபன்ஸ் நிஜமாவே நல்லா ஆடியிருக்கு, ஸ்கோர்ல தெரியாது அவ்வளவுதான்.

அடுத்தது எதிராளியை ரேங்க் வச்சு எடை போடறது. இதுக்கு கொலராடோவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. 2022ல 1-11னு முடிச்ச டீம், டியான் சாண்டர்ஸ் கோச்சா வந்து ஆளுங்களை முக்கால்வாசி மாத்தி, 2023 செப்டம்பர் 2 அன்னிக்கு ஃபோர்ட் வொர்த்ல போய் டிசியூவை (டெக்சஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி) 45-42னு அடிச்சாங்க. டிசியூ யாரு, எட்டு மாசம் முன்னாடி நேஷனல் சாம்பியன்ஷிப் ஃபைனல் ஆடினவங்க. ஷெடூர் சாண்டர்ஸ் 510 யார்டு பாஸ் போட்டாரு, ட்ராவிஸ் ஹண்டர் ஆஃபென்ஸ் டிஃபன்ஸ் ரெண்டு பக்கமும் ஆடினாரு, டிவிக்காரங்களுக்கு ஒரு மாசம் வேற பேச்சே இல்ல. 3-0 ஆனாங்க, அப்புறம் ஆரிகன் 42-6னு உரிச்சு விட்டுச்சு, கடைசில 4-8. அந்த டிசியூவும் அந்த வருஷம் 5-7தான். சீசன் ஆரம்பத்துல இருக்கற ரேங்க் முக்காவாசி போன வருஷத்து ஞாபகம், அந்த வருஷம் ஆடின பாதிப் பேர் இப்ப அங்க இருக்கவே மாட்டாங்க, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (ஆளுங்க வேற காலேஜுக்கு மாறற வழி) வந்ததுக்கப்புறம் இது இன்னும் மோசம். அதனால செப்டம்பர்ல "ரேங்க் டீமை அடிச்சோம்"னு சொல்லாதீங்க, நவம்பர்ல அந்த டீம் எங்க இருக்குன்னு பாத்துட்டு சொல்லுங்க. அதுவும் இல்லாம 42 பாயிண்ட் விட்டுக்கொடுத்த டிஃபன்ஸ் அன்னிக்கே கண்ணு முன்னாடி இருந்துச்சு, ஜெயிச்ச ஜோர்ல அதை யாரும் பெருசா எடுத்துக்கல.

சின்ன டீமை, அதாவது எஃப்சிஎஸ்ங்கற ரெண்டாம் மட்டத்து டீமைக் காசு கொடுத்து வரவழைச்சு 56-3னு அடிக்கற மேட்சைப் பத்தி நீளமா பேச ஒண்ணும் இல்ல. எஃப்பிஎஸ்ங்கற மேல் மட்டத்து டீமுக்கு ரொம்ப வருஷமா, 2024 சீசன் வரைக்கும், 85 ஸ்காலர்ஷிப், அவங்களுக்கு 63னு இருந்துச்சு, அப்ப ஸ்கோர் அப்படித்தான் வரும். 2007ல அப்பலாச்சியன் ஸ்டேட் மிச்சிகன் ஊர்லயே போய் 34-32னு ஜெயிச்சது அபூர்வம், அதனாலதான் இன்னும் பேசறோம். இந்த மாதிரி மேட்ச்ல ஸ்கோரை விட்டுட்டு பெனால்டி எத்தனை, ஸ்னாப் (ப்ளே ஆரம்பிக்க பந்தைப் பின்னாடி கொடுக்கறது) ஒழுங்கா போச்சா, டேக்ளிங் நேர்த்தியா இருந்துச்சான்னு மட்டும் பாருங்க, அதெல்லாம் எதிராளியை நம்பி இல்ல.

இப்ப பாக்ஸ் ஸ்கோர், அதாவது மேட்சோட நம்பர் அட்டவணை படிக்கற விஷயம். காலேஜ்ல ஒரு விவகாரம் இருக்கு, குவார்ட்டர்பேக்கை சாக் பண்ணினா, அதாவது பாஸ் எறியறதுக்குள்ள பின்னாடியே அமுக்கிட்டா, இழந்த யார்டை ரன்னிங் கணக்குல கழிப்பாங்க, ப்ரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல்ல அப்படி இல்ல, அங்க பாஸிங் கணக்குல போகும். கடைசில நேரத்தைக் கடத்த குவார்ட்டர்பேக் முட்டி போடறதும் ரன்னிங்லதான் மைனஸ். அதனால "எதிராளியை 40 யார்டுக்கு மேல ஓட விடல"ன்னு பெருமைப்படறதுக்கு முன்னாடி அதுல சாக் எவ்வளவுன்னு பாருங்க, சாக்ல போன 45 யார்டைத் திருப்பி சேத்துட்டா 85 ஆயிடும், அது வேற கதை. அதே மாதிரி மொத்த யார்டு. கடகடன்னு 90 ப்ளே ஓட்டற டீமும் நிதானமா 60 ப்ளே ஓட்டற டீமும் ஒரே அளவுல வராது, ஒரு ப்ளேக்கு எத்தனை யார்டுன்னு வகுத்துப் பாக்கறதுதான் நியாயம். இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தா சக்ஸஸ் ரேட் பாருங்க, அதாவது 10 யார்டு எடுக்க கிடைக்கற நாலு வாய்ப்புல (டவுன்) முதல் டவுன்ல தேவையான யார்டுல பாதி, ரெண்டாவதுல 70 சதவீதம், மூணாவது நாலாவதுல முழுசும் எடுத்தா அந்த ப்ளே பாஸ், இல்லனா ஃபெயில். ரெண்டு பெரிய டச்டவுனை (எதிராளி எல்லைக்குள்ள பந்தைக் கொண்டு போய் பாயிண்ட் எடுக்கறது) வச்சு 400 யார்டு காட்டற ஆஃபென்ஸ் இதுல மாட்டிக்கும். மிச்ச 55 ப்ளேல ஒண்ணுமே நடக்கலைங்கறது இதுல தெரிஞ்சுடும். அந்த ரெண்டு டச்டவுனும் நிஜம்தான், பாயிண்டும் நிஜம்தான், ஆனா அடுத்த வாரம் அதே ரெண்டு பாஸும் கனெக்ட் ஆகும்னு யாரும் கேரண்டி தர முடியாது.

கார்பேஜ் டைமையும், அதாவது ரிசல்ட் முடிவான அப்புறம் ஓடற நேரத்தையும் மறந்துடறோம். 38-10னு இருக்கறப்ப நாலாவது குவார்ட்டர்ல செகண்ட் ஸ்ட்ரிங் (ரிசர்வ்) பசங்களை இறக்குவாங்க, அவங்க ரெண்டு டச்டவுன் விடுவாங்க, 38-24னு முடியும், மறுநாள் மேட்ச் பாக்காதவன் "என்னப்பா டிஃபன்ஸ் தொளதொளன்னு இருக்கு"ன்னு கேப்பான். இதோட தலைகீழும் உண்டு, 17-14னு மூச்சு முட்டிட்டு இருந்த மேட்ச்ல கடைசி நாலு நிமிஷத்துல ஒரு பிக் சிக்ஸ் (இன்டர்செப்ஷன் எடுத்து நேரா டச்டவுன்), இன்னொரு டச்டவுன், 31-14. பேப்பர்ல பாத்தா ஈஸியான வெற்றி மாதிரி இருக்கும்.

கடைசி நிமிஷ த்ரில் முழு மேட்சையும் மறக்க வச்சுடும், இது தனி தப்பு. 2024 செப்டம்பர் 28, அலபாமா ஜார்ஜியாவுக்கு எதிரா 28-0னு போயி, ஹாஃப்டைம்ல 30-7. அப்புறம் ஜார்ஜியா துரத்தித் துரத்தி வந்து 34-33னு முன்னாடியே போயிட்டாங்க, உடனே 17 வயசு ரையன் வில்லியம்ஸ் ஒரு பாஸைப் பிடிச்சு சுழண்டு ஓடி 75 யார்டு டச்டவுன் போட்டான், 41-34. அந்த ஒரு கேட்ச்தான் வாரம் முழுக்க ரிப்பீட்ல ஓடுச்சு. செகண்ட் ஹாஃப் மட்டும் தனியா எடுத்தா ஜார்ஜியா 27, அலபாமா 11. அடுத்த சனிக்கிழமை நம்பர் 1 ரேங்கோட போய் வாண்டர்பில்ட்கிட்ட 40-35னு தோத்தாங்க, அந்த ஊர்க்காரங்க கோல்போஸ்ட்டைப் பிடுங்கி கம்பர்லேண்ட் ஆறு வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்க. நிக் சேபன் அலபாமாவுல கோச்சா இருந்தப்ப, 2017ல டெக்சஸ் ஏ அண்ட் எம்மை ஜெயிச்ச கையோட, பத்திரிகைக்காரங்க எழுதற பாராட்டெல்லாம் எலி பாஷாணம்னு திட்டினாரு. ரசிகனுக்கும் அதே பாட்டில்தான், நாம லேபிளைக் கூட படிக்கறதில்ல.

கோச் எடுத்த முடிவை ரிசல்ட் வச்சு ஜட்ஜ் பண்றதும் பெரிய வியாதி. நாலாவது டவுன், ஒரு யார்டு வேணும், எதிராளி பக்கத்துல 40ல நிக்கறோம், ட்ரை பண்றாரு. கிடைச்சா தில்லான கோச், கிடைக்கலன்னா பைத்தியக்காரன். முடிவு ரெண்டு தடவையும் ஒண்ணுதானே? ஜெயிச்ச மேட்ச்ல கோச்சோட மோசமான முடிவுங்க கேள்வி கேக்காம தப்பிச்சுப் போயிடும், ஹாஃப்டைமுக்கு முன்னாடி டைம்அவுட்டைக் கையில வச்சுக்கிட்டே மணியை ஓட விட்டது, ஃபீல்ட் கோல் அடிக்க வேண்டிய இடத்துல பண்ட் அடிச்சது (பந்தைத் தூரமா உதைச்சு எதிராளிக்கு விட்டது), இதெல்லாம். ஜெயிச்ச அன்னிக்கே குறிச்சு வச்சுக்கோங்க, தோக்கற அன்னிக்கு அதேதான் திரும்ப வரும்.

குவார்ட்டர்பேக்கோட 300 யார்டு பத்தி ஒரே ஒரு வார்த்தை: அதுல பந்து காத்துல போனது எவ்வளவு, ரிசீவர் பிடிச்சுட்டு ஓடினது எவ்வளவுன்னு பாருங்க. அதை விட முக்கியம் ஆஃபென்சிவ் லைன், குவார்ட்டர்பேக்கைக் காக்கற அந்த அஞ்சு பேருக்கு ஸ்டாட்ஸே கிடையாது, அதனால யாரும் பேசறதும் கிடையாது. ஞாயித்துக்கிழமை மேட்சைத் திரும்பப் போட்டு, பந்தைப் பாக்காம லெஃப்ட் டேக்கிளை (அந்த லைன்ல இடது ஓரத்துல நிக்கறவர்) மட்டும் ஒரு குவார்ட்டர் பாருங்க, டீமைப் பத்தின உங்க ஒப்பீனியனே மாறிடும்.

இவ்வளவு சொன்னதும் சில பேர் அப்படியே எதிர்ப்பக்கம் சாஞ்சுடுவாங்க, ஜெயிச்சாலும் அழறது. 2022ல ஜார்ஜியா ரசிகர்களைப் பாக்கணும். கென்ட் ஸ்டேட் மாதிரி டீம்கிட்ட 39-22, அடுத்த வாரம் மிசூரில நாலாவது குவார்ட்டர்ல 22-12னு பின்னாடி இருந்து எப்படியோ 26-22. சீசன் முடிஞ்சுதுன்னே பேசினாங்க. அந்த டீம் 15-0, ஃபைனல்ல டிசியூவை 65-7. 2018 க்ளெம்சனும் அப்படித்தான், குவார்ட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸ் அடிபட்டு வெளிய போக, சிரக்யூஸ்கிட்ட 27-23னு தப்பிச்சாங்க, அவங்களும் 15-0ல முடிச்சாங்க. ஒரு அசிங்கமான வெற்றிக்குக் காரணம் அடிபட்ட ஆளா, நம்ம பக்கம் விழாத ஃபம்பிளா, இல்ல லைனே நிக்காம சரிஞ்சதான்னு பிரிச்சுப் பாத்துட்டு அப்புறம் அழுங்க. மூணாவது காரணம்னா மட்டும் அழலாம்.

"நாங்க அவங்களை அடிச்சிருக்கோம், அதனால அவங்களை விட பெட்டர்"ங்கற லாஜிக்கும் ரொம்ப தூரம் ஓடாது. 2024 அக்டோபர்ல ஆரிகன் ஒஹையோ ஸ்டேட்டை 32-31னு ஜெயிச்சாங்க, இன்னும் சில செகண்ட் இருந்திருந்தா மாறியிருக்கலாம். புத்தாண்டு அன்னிக்கு ரோஸ் பௌல் ப்ளேஆஃப் மேட்ச்ல அதே ரெண்டு டீம், ஒஹையோ ஸ்டேட் 34-0னு போயிட்டாங்க, முடிவு 41-21, அப்புறம் சாம்பியனும் அவங்கதான். 2024ல இருந்து ப்ளேஆஃப்ல 12 டீம், அதனால சீசன்ல அடிச்ச டீமையே மறுபடி சந்திக்க வேண்டி வர்றது இனி சகஜம்.

கடைசியா, ஜெயிச்ச டீம் அடுத்த மேட்ச்சுக்கு எப்படிப் போகுதுங்கறது. 2024 ஆகஸ்ட் 31ல டெக்சஸ் ஏ அண்ட் எம் ஊர்லயே போய் 23-13னு ஜெயிச்ச நோட்டர் டேம், ஒரே வாரத்துல சொந்த ஊர்ல நார்தர்ன் இல்லினாய்கிட்ட 16-14னு தோத்தாங்க. நார்தர்ன் இல்லினாய் ரசிகர்களுக்குத் தலைகால் புரியல, டீம் டாப் 25க்குள்ள வந்துச்சு, நடுவுல ஒரு வாரம் ரெஸ்ட் வேற. அடுத்த மேட்ச்ல பஃபலோகிட்ட ஓவர்டைம்ல 23-20னு தோத்தாங்க. நார்தர்ன் இல்லினாய்கிட்ட தோத்த நோட்டர் டேம் ஃபைனல் வரைக்கும் போனாங்க.