சிவாலய ஓட்டத்துக்கு வெறுங்காலில் போகிறவர்களுக்கு: காலோடு மல்லுக்கட்டாதீர்கள்

மகா சிவராத்திரிக்குக் குமரி மாவட்டத்தில் சிவன் கோயில்களை ஓடியும் நடந்தும் கும்பிடுவதுதான் சிவாலய ஓட்டம்: முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயில், கையில் விசிறி, வாயில் கோவிந்தா கோபாலா, காலில் ஒன்றும் கிடையாது. முதல் தடவை போகிறவர்கள் மூச்சு வாங்குமா என்றுதான் கேட்கிறார்கள். எனக்குக் கவலை காலைப் பற்றி.

கூரான கல்லைச் சவிட்டினால், வலி உறைப்பதற்கு முன்பே கால் மடங்கி மேலே வந்துவிடும், அந்த உத்தரவு தண்டுவடத்திலிருந்தே கிளம்புகிறது, மூளையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதே வேகத்தில் மறுகால் விறைத்து உடம்பைத் தாங்கும். நரம்புகளை ஆராய்ந்த ஆங்கிலேய விஞ்ஞானி செரிங்டன் 1910-இலேயே விலங்குகளில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் நடக்கும்போது மறுகால் அந்தரத்தில் இருந்தால்? அப்போது சவிட்டிய காலைத் தூக்கினால் குப்புற விழ வேண்டியதுதான், அதனால் முழு எடையும் ஒரே காலில் நிற்கிற நேரத்தில் உடம்பு அந்த இழுப்பைப் பெரும்பாலும் அடக்கிவிடும், கல் உள்ளே இறங்கினாலும் சரி.

ஆகவே ஜல்லி கிடக்கும் இடத்தில் ஓடாதீர்கள், நடங்கள், அதுவும் சின்னச் சின்ன எட்டாக வைத்து. நடையில்தான் இரண்டு காலும் சேர்ந்து தரையில் இருக்கும் நேரம் உண்டு, ஓட்டத்தில் அது கிடையாது. முட்டியை விறைப்பாக வைக்க வேண்டாம்.

இடறுவது வேறு கதை. கால் தரையை விட்டுக் கிளம்பிய உடனே விரல் வேரில் தட்டினால், முட்டி கூடுதலாக மடங்கி அந்தக் காலே வேரைத் தாண்டிவிடும். ஊன்றப்போகிற நேரத்தில் தட்டினாலோ கால் சட்டென்று அங்கேயே இறங்கிவிடும், அடுத்த கால்தான் தாண்ட வேண்டும். அப்போது இறங்கிய காலைத் திரும்ப இழுக்கப் பார்க்காமல் மறுகாலை நன்றாக உயர்த்திப் போடுங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் தயவுசெய்து வெறுங்காலில் வராதீர்கள். சேதி போனால்தானே கால் இழுத்துக்கொள்ளும்? என் சித்தப்பா குப்பிச்சில்லைச் சவிட்டி ரொம்ப தூரம் நடந்தார், கோயில் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது, எனக்கு இப்போது நினைத்தாலும் பதறுகிறது. ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மரத்திருந்தால் வண்டியில் போய்க் கும்பிடுங்கள். அப்புறம், சர்க்கரை இல்லாதவர்களும் ஒவ்வொரு கோயிலிலும் குளித்துக் கரையேறியதும் கூட வந்தவரை டார்ச் அடிக்கச் சொல்லி உள்ளங்காலை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த கோயிலுக்குக் கிளம்புங்கள்.