சிறிய கப்பலில் மத்தியதரைக் கடல்: பணம் கட்டும் முன்

நூறு, இருநூறு பேர் மட்டும் செல்லும் சொகுசுக் கப்பலா? முதலில் அறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பால்கனியோடு மேல்தளத்தில் இருப்பதற்கு விலை அதிகம். ஆட்டமும் அங்கேதான் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் கிரீஸுக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலில் ‘மெல்டெமி’ என்னும் வடக்குக் காற்று நாள்கணக்கில் வீசும்; சிறிய கப்பல் தொட்டிலாகிவிடும். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறையே மேல். குமட்டல் மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். வயிறு புரட்டியபின் விழுங்கினால் அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

காற்று வலுத்தால் கிரேக்கத் தீவான சாண்டோரினியில் இறங்குவதே சந்தேகம். அங்கே கப்பல் கரையை ஒட்டி நிற்காது, படகில்தான் போக வேண்டும். துறையிலிருந்து ஃபிரா ஊருக்குக் கேபிள் கார் உண்டு. இல்லையென்றால் ஏறக்குறைய 600 படிகள். கழுதைச் சாணத்தில் கால் வழுக்கும்.

சிறிய கப்பலின் சுகம் கிரீஸின் கொரிந்து கால்வாயில் தெரியும். 1893இல் திறந்த இந்த 6.4 கிலோமீட்டர் வழி நீர்மட்டத்தில் சுமார் 25 மீட்டர் அகலம்தான். இருபுறமும் செங்குத்தான பாறைச்சுவர். பெரிய கப்பல்களுக்கு இங்கே இடமே இல்லை! 2021 நிலச்சரிவுக்குப் பின் மூடுவதும் திறப்பதுமாக இருந்த கால்வாய் இது. திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவாக (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வாங்குங்கள். நடுவில் வரும் துறைமுகங்களான துருக்கியின் குஷாதாசி, மாண்டினீக்ரோவின் கோட்டோர் இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே இருக்கின்றன; அங்கே போய்விட்டால் மறுபடி நுழைய வேண்டியிருக்கும்.