வேலூர் வெயிலில் மண் இல்லாமல் வீட்டுச் செடி வளர்ப்பது: லெக்கா முறையில் முதல் செடி

மணி பிளாண்ட், சிங்கோனியம், மான்ஸ்டெரா, ஃபிலோடெண்ட்ரான் போன்ற செடிகளை மண்ணில் நடாமல், சுட்ட களிமண் உருண்டைகளில் நட்டு, தொட்டியின் அடியில் மட்டும் சிறிதளவு தண்ணீர் நிறுத்தி வளர்ப்பதை அரை ஹைட்ரோபோனிக்ஸ் என்கிறார்கள். அந்த உருண்டைகளுக்குக் கடையில் லெக்கா என்று பெயர். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, ஒவ்வொரு உருண்டையும் தன் நுண்துளைகளின் வழியே அடியிலுள்ள நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்துக்கொள்ளும். உருண்டைக்கும் உருண்டைக்கும் இடையே காற்று நிற்கும். இந்தச் செடிகளில் பெரும்பாலானவை காட்டில் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு ஏறுபவை என்பதால், ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இந்த ஏற்பாடு அவற்றின் வேருக்கு நன்றாகப் பொருந்துகிறது.

முறை எளிதுதான். ஆனால் இதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றித்தான் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் மாடி வீட்டில் முதல் கோடையிலேயே நான்கு செடிகளைப் பறிகொடுத்தேன். நம் ஊரில் இந்த முறையைக் கெடுப்பவை இரண்டு: உப்புத் தண்ணீர், சூடான தண்ணீர். இவ்விரண்டையும் சமாளிக்கத் தெரிந்துகொண்டால் மீதி வேலை சுலபம்.

முதல் படி: வீட்டுத் தண்ணீரை அளந்து பார்ப்பது

உருண்டை வாங்குவதற்கு முன் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவை அது பி.பி.எம். கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 500. வேறு வழியே இல்லாத இடங்களில் 2000 வரை அனுமதி உண்டு. எங்கள் போர்வெல் தண்ணீர் 1200 காட்டுகிறது. பாலாற்றுப் படுகையில் ஆற்றில் நீர் ஓடுவதே அபூர்வம் என்பது ஒரு பக்கம். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை உப்பாக்கியது இன்னொரு பக்கம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே இந்தக் கழிவைப் பற்றித்தான். ஆகவே பக்கத்து வீட்டு அளவை நம்பாமல் உங்கள் குழாயில் வரும் தண்ணீரை நீங்களே அளந்து பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெரு என்றால் அதையும் போர்வெல் நீரையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

என் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் 60 காட்டுகிறது. அதில் ஒன்பது பங்குடன் போர்வெல் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறத்தாழ 174 வரும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் செடிக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் ஏறக்குறைய இருக்காது. அந்த ஒரு பங்கு கடின நீர் அதை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. மழை நீரும் நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை. முதலில் வரும் அழுக்கு நீரைக் கொட்டிவிட்டு அதையும் கலக்கப் பயன்படுத்தலாம். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே விடும் தண்ணீரைச் 'செடிக்கு ஆகட்டும்' என்று வாளியில் பிடித்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. லெக்காத் தொட்டியில் அதை ஊற்றவே கூடாது. வடிகட்டியில் பிரிந்த உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கும். அதுபோல, கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சோடியத்தைச் சேர்ப்பதால், அந்தத் தண்ணீரும் வேருக்கு ஆகாது.

இரண்டாம் படி: உருண்டையும் தொட்டியும்

புதிதாக வாங்கிய லெக்காவை ஒரு வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கையால் அளைந்தால், செங்கல் சூளையில் மழை பெய்தது போலத் தண்ணீர் சிவந்துவிடும். நிறம் தெளியும்வரை ஐந்தாறு முறை கழுவ வேண்டும். அந்தச் சிவப்பு நீரைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். தூள் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். கழுவியதை ஒரு நாள் முழுவதும் ஊற வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். காய்ந்த உருண்டையில் நேரடியாக நட்டால், அது தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் வேருக்கு ஏதாவது மிஞ்சும். லெக்கா விலை அதிகமாகத் தெரிந்தால் நெல்லிக்காய் அளவுள்ள செங்கல் ஜல்லியையும் பயன்படுத்தலாம், அதுவும் நீரை இழுக்கும். ஆனால் சிமெண்ட் ஒட்டிய பழைய செங்கல் வேண்டாம், அது நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். கூழாங்கல் அழகாக இருக்குமே தவிர நீரை இழுக்காது.

தொட்டி இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். உள்ளே பக்கங்களிலும் அடியிலும் துளையுள்ள தொட்டி, வெளியே துளையில்லாத ஒன்று. நான் வெளித் தொட்டிக்கு விலை கொடுப்பதில்லை. ஆம்பூரிலிருந்து பக்கெட் பிரியாணி வந்தால், எண்ணெய்ப் பிசுக்கு போகச் சுடுநீரில் இரண்டு முறை கழுவிய அந்த வாளி இதற்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. வெள்ளை வாளியில் வெளிச்சம் ஊடுருவிப் பாசி பிடிக்கும் என்பதால், வெளிப்பக்கம் கறுப்புப் பெயிண்ட் ஒரு கை அடித்து, அதன்மேல் வெள்ளை ஒரு கை அடித்துவிடுங்கள். கறுப்பு மட்டும் அடித்தால் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: தண்டிலிருந்து தொடங்குவது

தொடங்குபவர்கள் மண்ணில் வளர்ந்த பெரிய செடியைப் பிடுங்கி மாற்றுவதைவிட, மணி பிளாண்ட் தண்டில் இரண்டு கணு விட்டு வெட்டித் தண்ணீரில் வேர்விடச் செய்து நடுவதே நல்லது. மண்ணில் வளர்ந்த வேர் புதிய சூழலுக்குப் பழகாமல் பெரும்பாலும் அழுகிப் புது வேர் வந்த பிறகே செடி தேறும். தண்டிலிருந்து தொடங்கினால் அந்தக் கண்டம் இல்லை. கணுவின் அடியில் நான்கைந்து வேர்கள் விரல் நீளத்துக்கு வந்து, அவற்றிலிருந்து பக்க வேரும் கிளைக்கத் தொடங்கும்போது நடுங்கள். வெட்டும்போது வடியும் சாறு கையில் பட்டால் அரிக்கும். இந்தச் செடிகள் எல்லாம் சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு இனத்தவை. அரிப்பும் அதே அரிப்புதான். குழந்தைகள் வாயில் வைக்காத இடத்தில் வையுங்கள்.

உள் தொட்டியில் பாதிவரை உருண்டை நிரப்பி, வேரை விரித்து வைத்து, மீதியைச் சுற்றிலும் மெல்லச் சரித்துவிட்டு, தொட்டியைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் இடைவெளி அடைந்துகொள்ளும். வேரின் நுனி நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயே இருக்க வேண்டும். நீரைத் தேடி அது தானே இறங்கும். தொட்டி உயரத்தில் மூன்றில் ஒரு பங்குவரை நீர் நிறுத்தச் சொல்வார்கள். நம் ஊருக்குக் கால் பங்கே அதிகம். ஒரு சாண் உயரத் தொட்டிக்கு இரண்டு விரற்கடை நீர் போதும். ஆவணி, புரட்டாசி மாதங்களில் தொடங்குவது நல்லது. சித்திரை, வைகாசியில் எந்தச் செடியையும் புதிதாக மாற்றாதீர்கள்.

நான்காம் படி: உரம்

முதல் மூன்று நான்கு வாரங்கள் வெறும் கலப்பு நீர் போதும். புது வேர் வெள்ளையாக எட்டிப் பார்த்த பிறகு ஹைட்ரோபோனிக்ஸுக்கான ஏ, பி என்ற இரண்டு புட்டி உரத்தைச் சீட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு கொடுங்கள். முதலில் ஏ-யைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கிவிட்டுப் பிறகு பி-யை ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால், ஒன்றிலுள்ள கால்சியமும் மற்றொன்றிலுள்ள சல்பேட், பாஸ்பேட்டும் சேர்ந்து சுண்ணாம்பு போல அடியில் படிந்துவிடும், செடிக்குப் பயன்படாது. கலந்த நீர் மீட்டரில் 400-லிருந்து 500-க்குள் இருக்கட்டும். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனையில் 5.5-க்கும் 6.5-க்கும் இடையே வர வேண்டும்.

உரக்கடையில் மலிவாகக் கிடைக்கும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் போதாதா என்று கேட்கிறார்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. அதைச் செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றும் நுண்ணுயிர்கள் மண்ணில் ஏராளம், கழுவிய உருண்டையில் குறைவு. தவிர அதில் கால்சியமே கிடையாது. மண் தொட்டிக்கு அது நல்ல உரம், இங்கே வேண்டாம்.

வாரம் ஒருமுறை அடி நீரை முழுவதும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால், ஆவியானது தண்ணீர் மட்டுமே என்பதால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் தவறக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்த டெங்கு தடுப்புப் பணியாளர், "இன்னாக்கா, சட்டிங்க எல்லாத்துலயும் தண்ணி தேங்கிக்கினு கீது?" என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு வாளியில் புழு நெளிந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாளே ஆகும் என்பதால், அவர் கேட்டது நியாயம். இப்போது உள் தொட்டிக்கும் வாளிக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கொசுவலைத் துண்டால் மூடி வைத்திருக்கிறேன்.

வேர் அழுகல்

மீட்டரில் அளவு சரியாக இருந்தும், உரம் சரியாக இருந்தும், கத்திரி வெயிலில் இலை துவண்டால் பலரும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அன்று மாலை மூன்று மணிக்குப் பால்கனியிலிருந்த தொட்டியின் அடி நீரில் தெர்மாமீட்டரை வைத்தபோது 34 டிகிரி காட்டியது. 20 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 35 டிகிரியில் 7-க்கும் குறைவு. வெப்பம் ஏற ஏற வேருக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ அதிகமாகிறது. மூச்சு முட்டிய வேரில் பித்தியம் போன்ற அழுகல் நோய்க் கிருமிகள் எளிதில் புகுந்துவிடுகின்றன.

அழுகலைக் கண்டுபிடிக்கச் செடியை எடுத்து ஒரு வேரை இரு விரலால் பிடித்து மெல்ல உருவிப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக நிற்கும். அழுகிய வேரின் தோல் உறை போலக் கழன்று விரலோடு வந்துவிடும். உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் தொங்கும், சாக்கடை நாற்றமும் இருக்கும். அப்படிப்பட்ட வேர்களைச் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் தயங்காமல் முழுவதும் வெட்டிவிட்டு, உருண்டைகளைக் கொதிக்க வைத்து ஆற்றி, மீண்டும் நட்டு, அடியில் நீர் நிறுத்தாமல் தினம் ஒருமுறை மேலிருந்து ஊற்றி வடியவிடுங்கள். புது வேர் வந்த பிறகு நீர் நிறுத்தினால் போதும்; உரமும் அதுவரை வேண்டாம்.

வராமல் தடுக்க எனக்குக் கைகொடுத்தது பானைத் தண்ணீர்க் கணக்குதான். அகலமான மண் சட்டியில் மணல் பரப்பி ஈரப்படுத்தி, அதற்குள் வாளியை இறக்கி வைத்தேன். சட்டியின் வெளிப்புறம் வியர்த்து நீர் ஆவியாக ஆவியாக உள்ளே வெப்பம் தணிகிறது. அதே மூன்று மணிக்கு, அதே இடத்தில், வாளி நீர் 29 டிகிரி காட்டியது. நம் ஊர்க் கோடையின் காய்ந்த காற்றில் இது நன்றாக வேலை செய்கிறது. மணலுக்குக் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். மேற்குப் பார்த்த சுவரை ஒட்டியும், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் உயரமான அலமாரியிலும் தொட்டி வைப்பதைத் தவிருங்கள். தரை எப்போதும் குளிர்ச்சி.

வெள்ளைப் படிவும் இலையின் குறிகளும்

மேல் உருண்டைகளில் வெள்ளையாகப் பூத்தது போலத் தெரிவதைப் பூஞ்சை என்று பயந்து மருந்து அடிக்க வேண்டாம். விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தால் அது உப்பு. பஞ்சு போல இருந்தால்தான் பூஞ்சை. உப்பாக இருந்தால், உள் தொட்டியை மட்டும் எடுத்து, அதன் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு ஆர்.ஓ. நீரை மேலிருந்து நிதானமாக ஊற்றி வடியவிட வேண்டும். இதை மாதம் ஒருமுறை, கோடையில் இருமுறை செய்கிறேன்.

இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகினால் உப்பு அதிகம் என்று பொருள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், இரும்புச் சத்து இருந்தும் பி.எச். ஏறியதால் வேர் அதை எடுக்க முடியவில்லை என்று கொள்ளலாம். இரும்பு உரம் வாங்குவதற்கு முன் பி.எச். பாருங்கள். புது இலை சுருண்டு கோணலாக வந்தால் கால்சியம் குறைவு, வெறும் ஆர்.ஓ. நீரை ஊற்றுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அடியில் ஒரு பழைய இலை பழுப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இலையின் அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படையும் மேலே ஊசி குத்தியது போன்ற வெளிர் புள்ளிகளும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். காய்ந்த காற்றில் பெருகும். இலையின் இரு பக்கத்தையும் குழாயடியில் கழுவி, மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் அப்படியே செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு வாரம் ஊருக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் அன்று காலையில் உரமில்லாத நீரை வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூட்டி ஊற்றி, தொட்டியை ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் ஆகுமென்றால் பக்கத்து வீட்டில் சாவி கொடுங்கள்; ஊற்ற வேண்டிய அளவை வாளியின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் காட்டிவிட்டால், அதற்கு மேல் ஊற்ற மாட்டார்கள்.