‘உலகம்’ சீட்டில் கிறித்தவக் குறியீடுகளைப் படிக்கும் முறை

டாரோட் என்னும் படச்சீட்டுக் கட்டில் 21ஆம் எண் பெற்ற ‘உலகம்’ சீட்டை ஆராய விரும்புவோர், சீட்டுத் தயாரிப்பாளர் நிக்கொலா கொன்வேர் 1760இல் பிரான்சின் மார்சேய் நகரில் வெளியிட்ட கட்டின் படத்தை எடுத்துக்கொண்டு, நடுவில் ஆடும் பெண்ணைச் சற்று ஒதுக்கிவிட்டு, முதலில் நான்கு மூலைகளையும் பார்க்க வேண்டும். மேலே இடப்புறம் வானதூதர், வலப்புறம் கழுகு. கீழே இடப்புறம் காளை, வலப்புறம் சிங்கம். காளைக்கு மட்டும் ஒளிவட்டம் இல்லை; செதுக்கியவரின் கைவண்ணத்தில் அது குதிரையோ என்றுகூட ஐயம் எழும்.

இந்த நால்வரும் பைபிளின் எசேக்கியேல் முதல் அதிகாரத்திலும் வெளிப்படுத்தின விசேஷம் 4:7இலும் வரும் உயிர்கள். இவற்றை நான்கு நற்செய்தியாளர்களின் அடையாளங்களாகக் கொண்டு, வம்சவரலாற்றோடு தொடங்கும் மத்தேயுவுக்கு மனிதன் (சீட்டில் வானதூதர்), வனாந்தரத்தில் கூப்பிடும் குரலோடு தொடங்கும் மாற்குவுக்குச் சிங்கம், ஆசாரியன் சகரியாவோடு தொடங்கும் லூக்காவுக்குப் பலிக்குரிய காளை, ஆதி வார்த்தையை நோக்கி உயரும் யோவானுக்குக் கழுகு எனப் பண்டைய திருச்சபை அறிஞர் ஜெரோம் வகுத்த முறையே மேற்கத்திய திருச்சபையில் நிலைத்தது.

மூலைகளை அறிந்தபின் நடுவுக்கு வரலாம். பிரான்சின் சார்த்ரே பேராலயத்து மேற்கு வாயிலில், 12ஆம் நூற்றாண்டுச் சிற்பத்தில், பாதாம் பருப்பு வடிவ ஒளிச்சட்டத்தினுள் கிறிஸ்து வீற்றிருக்க, இதே நால்வரும் சூழ்ந்திருக்கின்றனர். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், சீட்டில் ஒளிச்சட்டம் இலைமாலையாகவும், அரியணையில் அமர்ந்த ஆண்டவர் மெல்லிய துகில் மட்டும் அணிந்த பெண்ணாகவும் மாறியிருப்பது புலப்படும். சிங்கமும் காளையும் இடம் மாறியிருப்பதையும் கவனிக்கத் தவறக் கூடாது. சட்டகம் திருச்சபையுடையது, அதில் அமர்த்தப்பட்டவர் வேறொருவர் என்பதே என் கணிப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. டாரோட் 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. அதைக் கொண்டு குறி சொல்வது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலாயிற்று. மிலான் பிரபுக்களுக்காகக் கையால் தீட்டிய விஸ்கோந்தி-ஸ்போர்சா கட்டில் இச்சீட்டில் இரு குழந்தைகள் நகரம் அடங்கிய கோளத்தைத் தாங்குகின்றனர். நான்கு உயிர்கள் அங்கே இல்லை. ஆகவே எந்தக் கட்டின் படத்தைப் படிக்கிறோம் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளாமல், ‘டாரோட் இதைச் சொல்கிறது’ என்று பொதுவாக எழுதிவிடலாகாது.